காகம் கலைக்கிற வேலை

என்ன வேலை என்று யாராவது கேட்டால் விமான நிலையத்தில் வேலை என்றுதான் சொல்வேன். அதைக் கேட்டதும் பேர்ண் நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்காமல் விட்டால் எனக்கு நிம்மதி. ஏனென்றால் குளிர்காலத்தில் நான் ஓடுபாதையில் பனி தள்ளுகிறவன். மற்றக் காலங்களில் காகம் கலைக்கிறவன். ஆறு வருடம் கலைத்தேன். கைதட்டி அல்ல, துவக்கால் சுட்டு. அந்த இரண்டாவது வேலை இப்போது என்னிடம் இல்லை. அது ஏன் இல்லாமல் போனது என்பதை இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கடின் என்ற மலைப்பகுதியில் பருவத்துக்குப் பருவம் ஒவ்வொரு ஹோட்டலாகக் கோப்பை கழுவித் திரிந்த பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளத்தாக்கில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மூன்று கிராமம், ஒரு தெரு, ஒரு ரயில் பாதை, ஒரு ஓடுபாதை. பனிச்சரிவு வந்து தெருவையும் தண்டவாளத்தையும் மூடிவிட்டால் மிச்சம் ஓடுபாதைதான். டொக்டரும் மருந்தும் பாணுக்கு மாவும் அதால்தான் வரவேண்டும். அந்த நாட்களில் ஊர்ச்சனம் தங்களைத் தீவார் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உண்மையான தீவொன்றில் பிறந்தவன். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தீவான் என்று நக்கலடித்தவர்களுக்கு மூக்கை உடைத்துத்தான் பதில் சொன்னேன். கடலே இல்லாத நாட்டில் வந்து மறுபடியும் தீவானாகியதை நினைத்தால் சிரிப்பு வரும்.

முதல் நாள் ஷெஃப் என் கையில் ஒரு கைத்துவக்கைத் தந்தார். இங்கே மேலாளரை ஷெஃப் என்றுதான் சொல்வார்கள். அதில் போடும் தோட்டாவில் ஈயம் இல்லை, வெடிமருந்து மட்டும். சுட்டால் ஐம்பது மீற்றர் சீறிக்கொண்டு போய் அங்கே வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் எழும்பிப் போய்விட வேண்டும். முதல் வெடியை அவரே சுட்டுக் காட்டினார். என் உடம்பு என்னைக் கேட்காமலே நிலத்தில் விழுந்தது. முகம் புல்லுக்குள், கைகள் தலைக்கு மேல். எழும்பியபோது ஷெஃப் சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த என் தொப்பியைத் தட்டி எடுத்துத் தந்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

இரண்டாவது வெடியை நான் சுட்டேன். மூன்றாவதை ஆசைப்பட்டுச் சுட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்: துவக்குக்கு முன்னால் நின்றே வளர்ந்தவனுக்கு அதன் பின்னால் நிற்பது இனிக்கத்தான் செய்கிறது. முந்நூறு பறவைகள் ஒரே அதிர்வில் அலறிக்கொண்டு எழும்பும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் அடங்கும். விதி இரண்டு. ஓடுபாதையில் விமானம் நிற்கும்போது சுடக்கூடாது. கட்டடம் இருக்கும் பக்கம் எந்தக் காலத்திலும் சுடக்கூடாது. இரண்டையும் ஷெஃப் எழுதித் தர, நான் கையெழுத்து வைத்தேன்.

அங்கே வருவது மலைக்காகம். நம் ஊர்க் காகத்தைவிடக் கறுப்பு. சொண்டு மஞ்சள், கால் சிவப்பு. மலையிலிருந்து கூட்டமாக இறங்கி, ஓடுபாதைப் புல்லில் பூச்சி பொறுக்கும். அவற்றோடு பள்ளத்தாக்கின் சாதாரணக் காகங்களும் சேரும். மலைக் கிண்ணத்துக்குள் விமானம் ஒரே ஒரு வழியால்தான் இறங்க முடியும். அந்த வழியில் ஒரு காகம் குறுக்கே வந்தால் திரும்புவதற்கு இடமில்லை.

என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. விமான நிலையத்தின் சின்னச் சாப்பாட்டுக்கடையின் குசினியில் மரக்கறி வெட்டுவது, பாத்திரம் கழுவுவது, நிலம் துடைப்பது எல்லாம் அவள்தான். நாங்கள் இருந்த வீடும் விமான நிலையத்தின் வீடு. என் வேலை போனால் வீடும் போகும். இருபது வருடத்தில் பதினொரு வீடு மாறிய பிறகு அவள் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துத் தைத்தது அந்த வீட்டில்தான்.

ஆறாவது வருடம் ஆகஸ்ட் கடைசியில் முதல் அடி விழுந்தது. நான்கு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓரத்தில் வண்டியோடு நின்றேன். எங்கிருந்தோ ஒற்றைக் காகம் குறுக்கே போனது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியைச் சுவரில் அடித்ததுபோல ஒரு சத்தம். கறுப்பும் சிவப்புமாக ஒரு தூறல் காற்றோடு வந்து என் முகத்தில் பட்டது. உதட்டில் ஒரு இறகு ஒட்டியிருந்தது. விமானம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இறங்கி வந்த பெண் ஓடுபாதை ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள்.

ஷெஃப் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒக்டோபர் கடைசியில் பரிசோதகர் வருகிறார் என்றார். அதற்குள் பறவைகள் ஒழிய வேண்டும். இல்லாவிட்டால் வல்லூறு வைத்துப் பறவை கலைக்கும் ஆள் ஒருவன் கீழே நகரத்தில் இருக்கிறான், அவனை எடுக்கப் போகிறோம், அவன் வந்தால் உன் இடத்துக்குத்தான் வருவான் என்றார். நான் சரி என்றேன். வெளியே வந்து வெறும் வானத்தைப் பார்த்து மூன்று வெடி சுட்டேன்.

செப்டம்பரில் அந்த மாநிலத்தில் வேட்டை தொடங்கும். மூன்று கிழமைக்கு ஆண்கள் எல்லோரும் லீவு போட்டுவிட்டு மலை ஏறிவிடுவார்கள். விடியற்காலையிலிருந்து நாலாபக்கமும் வெடி கேட்கும். மானைச் சுட்டால் வயிற்றைக் கிழித்துக் குடலை அங்கேயே எறிந்துவிட்டு உடலை மட்டும் இறக்குவார்கள். காகம் கூடுவதற்கு அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு நாள் வேலிக்கு வெளியே, ஓடுபாதையிலிருந்து நூறு அடி தள்ளி, ஒருவன் தன் வண்டிக்குப் பின்னால் நின்று ஒரு மானின் வயிற்றை வழித்துக்கொண்டிருந்தான். ஆவி பறக்கும் குடல் புல்லில் கிடந்தது. வேலியில் ஏற்கெனவே ஏழெட்டுக் காகம்.

"அதை அள்ளிக்கொண்டு போ" என்றேன்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கள் மலையில் எங்கே எதைப் போடுவது என்று நீ எனக்குச் சொல்லித் தரப் போகிறாயா?" என்றான்.

நான் வேலி ஏறிக் குதித்தது நினைவிருக்கிறது. குடலை இரண்டு கையாலும் அள்ளி அவன் வண்டியின் முன்னிருக்கையில் எறிந்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யார் முதலில் அடித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் மூக்கு உடைந்தது. என் கைமுட்டி அவன் பல்லில் கிழிந்தது. அவன் தோளில் உண்மையான துவக்கு, என் இடுப்பில் சத்தத் துவக்கு. இருவருமே அதில் கை வைக்கவில்லை. மானின் இரத்தத்தில் வழுக்கி வழுக்கி இருவரும் உருண்டோம்.

அந்த இடத்தில் குடல் போட்டதற்கு அவனுக்கும் தண்டம் விழும் என்பதால் அவன் பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் ஷெஃபிடம் போனான். ஷெஃப் ஒரு விரலைக் காட்டினார். "ஒருதரம். இனி இல்லை."

அன்று பின்னேரம் என் மனைவி சுடுநீரும் மஞ்சளும் கொண்டுவந்து என் கையைக் கழுவினாள். அவள் அதிகம் கதைக்கிறவள் அல்ல. கதைத்தால் யோசித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இஞ்சாருங்கோ, பேர்ணிலை கோயில் ஐயரோடை கதைச்சனான். உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குதாம்."

"எனக்கில்லை, காகத்துக்குத்தான் ஏழரை. என்னட்டை அம்பிட்டுதெண்டால் தெரியும்."

"வாயைக் கழுவுங்கோ. காகம் சனீஸ்வரன்ரை வாகனம்."

"அப்ப அவரைக் கொஞ்ச நாளைக்கு நடந்து போகச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. துணியை இறுக்கிக் கட்டினாள். "புரட்டாதிச் சனி வருது. நீங்கள் விரதம் பிடிக்கமாட்டியள். உங்களுக்காக நான் பிடிக்கிறன். அஞ்சு சனியும். இந்த வீடு எங்களுக்கு நிலைக்க வேணும்."

"பிடி, பிடி. எனக்குச் சோறு மட்டும் தந்தால் போதும்" என்றேன். அவ்வளவுதான் நான் அந்த விரதத்தைப் பற்றிக் கதைத்தது.

முதல் சனிக்கிழமை மத்தியானம் காகம் கூடியது. சனிக்கிழமைதான் ஹோட்டல்களில் ஆட்கள் மாறுகிற நாள். ஐந்தாறு விமானங்கள் வரும், போகும். பதினொன்றரை மணி போல் மலையிலிருந்து அவை இறங்கின. நான் வடக்கில் சுட்டால் தெற்கில் எழும்பின, தெற்கில் சுட்டால் கட்டடங்களின் பின்னால் போய் மறைந்தன. வேட்டைக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன்.

இரண்டாவது சனிக்கு முன் ஷெஃப் மாநிலத்திடம் அனுமதி வாங்கி உண்மையான துவக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு காகம் செத்தால் மற்றவை படிக்கும் என்றார். அவர்தான் சுட வேண்டும், ஆனால் நான் கேட்டேன், தந்தார். வேலிக் கம்பத்தில் இருந்த ஒன்றைச் சுட்டேன். அது உடனே சாகவில்லை. ஒரு செட்டையால் நிலத்தை அடித்து அடித்து வட்டமாகச் சுற்றியது. நான் நடந்து போய்ச் சப்பாத்துக் காலால் முடித்தேன். கம்பத்தின் உச்சியில் அதைக் கயிற்றில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். எங்கள் ஊர்த் தோட்டங்களிலும் அப்படிக் கட்டுவார்கள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. எல்லாக் காகமும் என் தலைக்கு மேல் வந்து சுற்றின. கத்தின என்பது போதாது, திட்டின. ஒன்று என் தொப்பியைத் தட்டிவிட்டது. அன்றிலிருந்து அவை என்னை அடையாளம் வைத்துக்கொண்டன. செம்மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன், தாடியை மழித்துப் பார்த்தேன். பேக்கரி வாசலிலும் ரயில் நிலையத்துக் கூரையிலும் என்னைக் கண்டதும் ஒன்று கத்தும், மற்றவை எழும்பிப் போய்விடும். பாண் வாங்க வந்த கிழவி ஒருத்தி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் தெரியும். என் மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அதைக் கழட்டுங்கோ" என்றாள். மாட்டேன் என்றேன். அடுத்த நாள் காலையில் கயிறு மட்டும் தொங்கியது. நரி கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனி. பன்னிரண்டு பத்துக்கு ஒரு விமானம் இறங்க வேண்டும். பன்னிரண்டுக்கு எல்லாம் துப்புரவாக இருக்கிறது என்று கையிலிருந்த ரேடியோவில் சொன்னேன். பன்னிரண்டு ஒன்பதுக்குக் கட்டடங்களின் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கூட்டம் எழும்பி ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. ஒன்று விமானத்தின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. விமானம் எப்படி இறங்கியது என்று அந்த விமானிக்கே தெரியாது. நான் கதவைத் திறந்தபோது அவன் நெற்றித்தோல் பிளந்து கண்ணுக்கு மேல் மடிந்து கிடந்தது. மடியில் காகம் உயிரோடு துடித்தது. அவன் அதைக் கையால் பிடித்து வைத்திருந்தான், ஏன் என்று தெரியாமல். அவன் கையிலிருந்து வாங்கிக் கழுத்தைத் திருகினேன். எனக்கு வந்தது பயமில்லை, அவமானமும் வெறியும்.

அன்று ஷெஃப் கதவைச் சாத்தாமலே சொன்னார். "அடுத்த சனி. அன்றைக்கு மத்தியானம் ஓடுபாதைக்கு மேல் ஒரு காகம் பறந்தாலும் திங்கட்கிழமை வல்லூறுக்காரன் வருகிறான். நீ வீட்டைக் காலி செய்ய மாத முடிவுவரை நேரம் தருவேன்."

அதை நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி தைத்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஒண்டும் நடக்காது, இன்னும் ரண்டு சனி இருக்கு" என்றாள்.

இதை வாசிக்கிற எந்தத் தமிழ் ஆளுக்கும் இதற்குள் எல்லாம் விளங்கியிருக்கும். புரட்டாதிச் சனி பிடிக்கிறவர்கள் எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, சோற்றில் எள்ளும் நெய்யும் குழைத்துக் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் தாங்கள் வாயில் வைப்பார்கள் என்று எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். காகம் எடுக்காவிட்டால் நாள் முழுக்கப் பட்டினி. அவள் எங்கே வைக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டு மாடத்தில் வைக்க முடியாது என்று தெரியும், பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று கட்டடத்தைப் பராமரிக்கிறவர் கடிதம் எழுதியிருந்தார். சனிக்கிழமைகளில் அவள் குசினியில் வேலை என்றும் தெரியும். தெரிந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. நான் காகத்தோடு யுத்தத்தில் இருந்தேன்.

நான்காவது சனி. முதல் உறைபனி விழுந்து உருகிய, பளிச்சென்ற நாள். பதினொன்றரைக்கு நான் ஓடுபாதையின் கோடியில் வண்டிக்குள் குனிந்து, முகத்தை மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தமுறை எங்கே இறங்குகின்றன என்று பார்க்காமல் ஒரு வெடியும் சுடுவதில்லை என்று முடிவு. பதினொன்று நாற்பதுக்கு வந்தன. புல்லில் இறங்கவில்லை. நேரே சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகள் இருக்கிற மூலையில், கொட்டினதுபோல் விழுந்தன.

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கடைக்காரர்கள் எச்சில் சாப்பாட்டை வெளியே கொட்டுகிறார்கள், என் வாழ்க்கையை நாசமாக்குகிறார்கள். வண்டியை எடுத்த வேகத்தில் சில்லு சுழன்றது. நாற்பது அடி தள்ளிப் பிறேக் போட்டு, இறங்கி, கத்திக்கொண்டே துவக்கை நீட்டினேன். பெரிய இரும்புத் தொட்டிகள் மூன்று, அவற்றின் இடைவெளியில் கறுப்பாகக் கொதிக்கிற ஒரு கூட்டம். கட்டடம் இருக்கும் பக்கம். நான் கையெழுத்து வைத்த விதி. அந்த இடைவெளிக்குள் சுட்டேன்.

தோட்டா தொட்டியின் இரும்பில் பட்டுத் திரும்பி உள்ளே வெடித்தது. காகங்கள் என் முகத்தில் இடித்துக்கொண்டு எழும்பின. புகை. புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு நீல ஏப்ரன். என் மனைவி தொட்டியைப் பிடித்து எழும்பி நின்றாள். தலைமயிரிலும் தோளிலும் எள்ளுச் சோறு. ஒரு கையில் அலுமினியத் தாள், வாழையிலைக்குப் பதில்.

என்னைக் கண்டாள். ஊரே கேட்கிற சத்தத்தில், "எடுத்திட்டுதோ? காகம் எடுத்திட்டுதோ?" என்று கேட்டாள்.

"விசரி! உனக்கு என்ன விசரே! நீயோ இவ்வளவு நாளும்..." என்று நான் அவள் மேல் பாய்ந்தேன். கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடிக்காததற்கு என் குணம் காரணமில்லை. ஓங்கிய கைக்குக் கீழே அவளுடைய இடது காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியே இறங்கி, சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்ததை அந்த நேரத்தில்தான் கண்டேன். கழுத்துத் தோல் பொசுங்கியிருந்தது. நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. என் வாயைப் பார்த்து, நான் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். பன்னிரண்டு பத்து விமானம் எங்கள் தலைக்கு மேலால் இறங்கியது. ஓடுபாதைக்கு மேல் ஒரு காகமும் இல்லையாம், ஷெஃப் பிறகு சொன்னார்.

செவிப்பறை கிழிந்தது ஆறிவிடும், உள்ளே போனது போனதுதான் என்றார் டொக்டர். இடது காது இனி இல்லை. வலது காது இருக்கிறது. ஒரு காதால் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது, தெருவில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்க முன் அவள் தன் அரைகுறை ஜெர்மனில், "நான்தான் நிற்கக்கூடாத இடத்தில் நின்றேன்" என்றாள். நான் டொக்டரிடம் திரும்பி, "நான் சுடக்கூடாத பக்கம் சுட்டேன்" என்றேன். ஷெஃபிடமும் அதையே சொன்னேன். சோற்றைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

டொக்டரும் மற்றவர்களும் போன பிறகு கட்டிலில் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன். "ஏனப்பா? அந்த இடத்திலை ஏன் வைச்சனி?"

"நீங்கள் கலைச்சுக் கலைச்சு அதுகள் பட்டினியாக் கிடந்து, அந்தக் கோவத்திலைதான் விமானத்திலை போய் அடிக்குதுகள் எண்டு நினைச்சன். இஞ்சாலை ஒரு வாய் குடுத்தால் அங்காலை போகாதுகள் எண்டு..." பஞ்சு வைத்த காதைத் தொட்டுப் பார்த்தாள். "முதல் கிழமை முதல்லை ரண்டுதான் வந்தது. மஞ்சள் சொண்டு எண்டாலும் காகம் தானே எண்டு வைச்சன். பேந்து அதுகள் தங்கடை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்திட்டுதுகள்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் விடுவியளோ? நீங்கள் கட்டித் தூக்கினதையும் நான்தான் கழட்டி மண்ணுக்குள்ளை தாட்டனான். அந்தப் பாவமும் உங்களுக்குத்தானே வரும்."

அவள் என் வேலைக்காகப் பட்டினி கிடந்தாள். அந்தப் பட்டினியே என் வேலையைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தடுக்கப் போய் நான் அவளைச் செவிடாக்கினேன். இதில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

ஷெஃப் துவக்கை வாங்கி அலுமாரியில் பூட்டினார். என்னை அனுப்பவில்லை. பனி வர ஒரு மாதம்கூட இல்லை, அந்தப் பனிவண்டியை ஓட்ட அந்தப் பள்ளத்தாக்கில் வேறு ஆள் இல்லை. சோறு நின்றதும் காகங்கள் மலைக்குத் திரும்பின. பரிசோதகர் வந்து ஒரு மணித்தியாலம் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். வீடு தங்கியது. "பாத்தியளோ, பலிச்சிட்டுது" என்றாள் என் மனைவி. காதைச் சனீஸ்வரன் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார் என்பது அவளுடைய கணக்கு. சுட்டது சனீஸ்வரன் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஆனால் அதற்கு முன் ஐந்தாவது சனி ஒன்று இருந்தது. காதில் பஞ்சோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள். நாலு சனி பிடித்துவிட்டு ஐந்தாவதை விட முடியாது என்று அடம்பிடித்தாள். விமான நிலையப் பக்கம் போகக்கூடாது. ஆகவே சோற்றையும் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு காகம் தேடிப் புறப்பட்டேன். ஆறு வருடம் காகம் கலைத்தவன் காகம் தேடிப் போனேன்.

ரயில் நிலையத்தில் நிறுத்தினேன். கூரையில் இருந்தவை என் முகத்தைக் கண்டதும் கத்திக்கொண்டு போயின. பாலத்தடியிலும் அப்படித்தான். மரம் அரியும் இடத்தில் அவள் தாளை விரிக்க முன்பே மரத்திலிருந்து எல்லாம் எழும்பிவிட்டன. ஒரு மணி தாண்டியது. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"உங்களைக் கண்டுதான் போகுதுகள்" என்றாள், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, மழை வருகுது என்று சொல்கிற குரலில்.

பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் கிராமத்துச் சாணக் குவியல் இருக்கிறது. அங்கே காரை நிறுத்தி, நான் பின்பக்கம் போய், இருக்கைகளுக்கு இடையில் நிலத்தோடு நிலமாகப் படுத்தேன். தலைக்கு மேல் போர்வை. அவள் இறங்கிப் போய் ஒரு கல்லில் சோற்றை வைத்தாள். கொஞ்சம் திறந்த ஜன்னலால் அவள் கூப்பிடுவது கேட்டது. "கா... கா... கா..."

கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் பதில் சொன்னது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அது காருக்கு வலது பக்கம், தந்திக் கம்பத்தில். போர்வை ஓரத்தால் பார்த்தேன். அவள் இடது பக்கம் திரும்பி, பைன் மரங்களைப் பார்த்து, அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காகம் மறுபடி கத்தியது. அவள் அண்ணாந்து மேலே தேடினாள், பிறகு ஆற்றுப் பக்கம் தேடினாள். இங்கே, இந்தப் பக்கம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தலையைத் தூக்கினால் காகம் போய்விடும். குரல் கொடுத்தாலும் போய்விடும். கிடந்தேன்.

பிறகு காரின் கூரையில், என் முதுகுக்கு நேர் மேலே, நகங்கள் தகரத்தைக் கீறின. மெல்ல நடந்தது. நின்றது. என் வலது கை தானாக இடுப்புக்குப் போய்த் துவக்கைத் தேடியது. இல்லாத துவக்கை அது இரண்டு தரம் தேடியது. அந்தக் கையை என் வயிற்றுக்கடியில் போட்டு, அதன் மேல் முழுப்பாரத்தையும் வைத்து அமுக்கிக்கொண்டு கிடந்தேன். நகங்கள் விலகின. செட்டைச் சத்தம். அதன் பின் ஒன்றுமில்லை.

கண்ணாடியில் தட்டினாள். "எடுத்திட்டுது! நான் திரும்பிப் பார்க்கேக்கை சோறு குறைஞ்சிருக்கு. நீங்கள் கண்டியளோ?"

"கண்டன்" என்றேன். நான் காணவில்லை. கேட்டது மட்டும்தான்.

அவள் என் பக்கத்து இருக்கையில் ஏறி, மடியில் கிண்ணத்தை வைத்து, அன்றைய முதல் வாயை எடுத்து வைத்தாள். நான் காரை எடுத்தேன். இந்த நாட்டில் ஓட்டுகிறவன் இடது பக்கம் இருப்பான். பக்கத்தில் இருப்பவரின் இடது காதுதான் அவனுக்குப் பக்கம். தெருவைப் பார்த்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள்ளப்பா" என்றேன். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம்.

அவள் மென்றுகொண்டே என் வாய் அசைந்ததைக் கண்டு திரும்பினாள். "என்ன?"

"ஒண்டுமில்லை. நீ சாப்பிடு."

அவளுடைய வலது பக்கம் போய் அதை நான் இன்னும் சொல்லவில்லை.